வெள்ளைக் கம்பி: பட்டினப்பாக்கத்து ஃபைபர் படகு ஒன்றின் ஸ்டாப் சுவிட்ச்

படகு 28 அடி ஃபைபர். பின்பலகையில் 9.9 எச்.பி. அவுட்போர்டு. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பட்டினப்பாக்கம் கரையில் இழுத்து வைத்திருக்கும் எத்தனையோ படகுகளில் இதுவும் ஒன்று. ஓட்டுகிறவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர். கூடப் போகிறவர் அவருடைய மச்சான்.

வாடைக் காற்று வீசும் நாட்களில் ஒருநாள் காலை. வலையெடுத்துத் திரும்பும்போது, கரைக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கையில் இது நடந்தது. அண்ணன் நின்றுகொண்டே ஓட்டிக்கொண்டிருந்தார். இன்ஜின் கைப்பிடியில் பி.வி.சி. குழாயைச் செருகி நீட்டி வைத்திருப்பார்கள். நின்று பார்த்தால்தான் முன்னால் கிடக்கும் அடுத்தவர் வலையின் மிதவை தெரியும். பக்கவாட்டில் ஒரு அலை தட்டியதும் குழாய் கைப்பிடியிலிருந்து கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. ஆளும் குழாயுமாகத் தண்ணீரில் விழுந்தார்கள். மச்சான் அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், வலைக்குள் உட்கார்ந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தார். இன்ஜின் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. படகு திரும்பிச் சாயத் தொடங்கியபோதுதான் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

கைவிட்ட அவுட்போர்டு நேராக ஓடாது. புரொப்பெல்லர் சுற்றும் விசையே இன்ஜினை ஒரு பக்கமாகத் தள்ளும். படகு வளையத் தொடங்கும், வளைவு இறுகிக்கொண்டே வரும், கடைசியில் விழுந்த ஆள் மேலேயே திரும்பி வரும். அண்ணன் இரண்டு தடவை மூச்சைப் பிடித்து அடியில் மூழ்கினார். மூன்றாவது சுற்று வருவதற்குள் மச்சான் வலைக்குவியல் மேல் விழுந்து எழுந்து பின்பக்கம் வந்து த்ரோட்டிலைக் குறைத்துவிட்டார். தோளில் படகின் அடிப்பகுதி உரசியதில் கன்றிப் போயிருந்தது, அவ்வளவுதான். இந்த அளவு இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில்தான் கியர் இருக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடினால் புரொப்பெல்லர் 2000 சுற்று, அதாவது ஒரு வினாடிக்கு முப்பதுக்கு மேல். அந்தக் கணக்கை அவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

இரண்டு நாள் கழித்து இன்ஜினை ஆட்டோவில் ஏற்றி ராயபுரத்தில் என் பட்டறைக்குக் கொண்டு வந்தார்கள். "தம்பி, கயிறு இழுத்தா நிக்கிற மாதிரி ஒரு சுவிட்ச் போட்டுக் குடு" என்றார். அந்த ஸ்டாப் சுவிட்ச் ஏற்கெனவே இருந்தது. அதில் ஒரு கிளிப் செருகியிருக்கும், கிளிப்பிலிருந்து வரும் கயிற்றை ஓட்டுகிறவர் உடம்பில் மாட்டிக்கொள்வார்; அவர் விழுந்தால் கயிறு கிளிப்பை உருவி இன்ஜினை நிறுத்த வேண்டும். சிவப்பு பிளாஸ்டிக் கிளிப்பும் அதன் இடத்தில்தான் இருந்தது. கயிறு மட்டும் அறுக்கப்பட்டு, கிளிப் விழாமலிருக்க நைலான் நூலால் இறுகக் கட்டியிருந்தது.

தொட்டித் தண்ணீரில் இறக்கி இன்ஜினைக் கிளப்பினேன். நூலை வெட்டிக் கிளிப்பை உருவினேன். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்திலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினேன், அதற்கும் நிற்கவில்லை. "அப்போ தினமும் எப்படி நிறுத்துறீங்க அண்ணே?" என்று கேட்டேன். சோக்கை இழுப்பாராம், இல்லையென்றால் எண்ணெய்க் குழாயைப் பிடுங்கிவிடுவாராம். எத்தனை நாளாக இப்படி என்றால், இரண்டு வருஷம்.

மூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. ஸ்டாப் சுவிட்சிலிருந்து வரும் வெள்ளைக் கம்பியை யாரோ வெட்டி, இரண்டு முனையிலும் டேப் சுற்றியிருந்தார்கள். கதை இதுதான். இரண்டு வருஷம் முன்னால், தண்ணீர் தெறிக்கும் போதெல்லாம் இன்ஜின் தானாக நின்றிருக்கிறது. ஒரு மெக்கானிக் பார்த்து, சுவிட்சில்தான் கோளாறு என்று கண்டுபிடித்து, கம்பியை வெட்டிவிட்டார். இன்ஜின் நிற்காமல் ஓடியது, எல்லோருக்கும் சந்தோஷம். அந்த மெக்கானிக் கண்டுபிடித்தது சரிதான். ஆனால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டார். கடலுக்குப் போகிறவரிடம் "இனிமேல் உன் கயிறு வேலை செய்யாது" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான்.

வீட்டுச் சுவிட்சுக்கு நேர் எதிர்

இந்த இடத்தில் பலரும் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டு விளக்கின் சுவிட்சில் இணைப்பு சேர்ந்தால் விளக்கு எரியும், பிரிந்தால் அணையும். சின்ன அவுட்போர்டில் பேட்டரி இல்லை. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்துக்குள் இருக்கும் காந்தம் சுற்றும்போது காயிலில் மின்சாரம் பிறக்கிறது. அது சி.டி.ஐ. என்கிற, மின்சாரத்தைச் சேர்த்துவைத்துப் பொறிக்கு விடும் மின்னணுப் பெட்டி வழியாக இக்னிஷன் காயிலுக்குப் போய், பிளக்கில் பொறியாகிறது. இதை நிறுத்த எந்த மின்சாரத்தையும் துண்டிக்க வேண்டியதில்லை. சி.டி.ஐ.யிலிருந்து வரும் ஸ்டாப் கம்பியை இன்ஜின் உடம்போடு சேர்த்துவிட்டால் போதும். பொறிக்குப் போக வேண்டியது எர்த்துக்குப் போய்விடும், இன்ஜின் நின்றுவிடும். கிளிப் உள்ளே இருக்கும்போது சுவிட்ச் திறந்திருக்கும், இன்ஜின் ஓடும். கிளிப்பை உருவினால் சுவிட்சுக்குள் ஸ்பிரிங் தள்ளி இணைப்பைச் சேர்க்கும், இன்ஜின் நிற்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. சுவிட்சுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தால், அந்த ஈரமே இரண்டு முனையையும் கொஞ்சம் சேர்த்துவிடும். இன்ஜின் திணறும், நிற்கும். இந்தக் கோளாறு சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ளும். மற்றது, கம்பி அறுந்தாலோ முனையில் களிம்பு பிடித்தாலோ இன்ஜின் முன்னைவிட ஒழுங்காகவே ஓடும். எந்த அறிகுறியும் இருக்காது. ஆள் தண்ணீரில் விழுந்து, கிளிப் கழன்று, அதற்குப் பிறகும் புரொப்பெல்லர் சுற்றுவதைப் பார்க்கும்போதுதான் தெரியும். இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததே அந்தச் சத்தமில்லாத கோளாறுக்காகத்தான்.

பழைய சுவிட்சைத் தனியாகக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தேன். கிளிப் உள்ளே இருக்கும்போது மீட்டர் எதுவும் காட்டக் கூடாது; சில ஆயிரம் ஓம் காட்டியது. கிளிப்பை உருவினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். நாற்பது ஓம் காட்டி ஆடிக்கொண்டிருந்தது. நிற்கக் கூடாத நேரத்தில் நிறுத்தும், நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தும் என்று நம்ப முடியாது. பிரித்துப் பார்த்தபோது உள்ளே பச்சை பூத்திருந்தது. தூக்கிப் போட்டேன்.

அண்ணனின் பையன் புதுப்பேட்டையிலிருந்து பைக் சுவிட்ச் ஒன்றை வாங்கி வந்திருந்தான். கூடவே, படகில் விளக்குக்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் வைத்திருக்கும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கம்பி எடுத்து அந்தச் சுவிட்ச் வழியாகக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை. நல்ல பையன், அப்பாவை இழக்க இருந்த பயத்தில் ஓடியிருக்கிறான். ஆனால் அந்த யோசனை ஆபத்தானது. இந்த வகை இன்ஜினின் ஸ்டாப் கம்பியில் பேட்டரி மின்சாரத்தைத் தொடவே விடக் கூடாது, சி.டி.ஐ. கருகிவிடும். அப்படிக் கருகிய பெட்டி ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. அதை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். இன்னொன்று, இன்ஜின் ஓடும்போது அந்த வெள்ளைக் கம்பியிலேயே நூறு, இருநூறு வோல்ட் எகிறும். ஈரக்கையால் தொட்டால் தூக்கிப் போடும். அதனால் மெல்லிய ஸ்பீக்கர் கம்பியெல்லாம் இங்கே உதவாது.

கம்பியின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மெர்குரியில் கறுப்பில் மஞ்சள் கோடு, டோஹாட்சுவில் பழுப்பு, இதில் வெள்ளை. நிறத்தை நம்பி வெட்டாமல், மீட்டர் வைத்துத் தொடர்ந்து பார்த்துவிட்டு வேலை தொடங்குவது நல்லது. பேட்டரி சாவியோடு வரும் பெரிய இன்ஜின்களிலும், எரிபொருளைக் கம்ப்யூட்டர் செலுத்தும் இன்ஜின்களிலும் இந்தச் சுற்று வேறு மாதிரி இருக்கலாம். அதற்குரிய வயரிங் படம் இல்லாமல் நான் கை வைப்பதில்லை.

இரண்டு சுவிட்ச் எதற்கு

இன்ஜினிலேயே இருக்கும் சுவிட்சை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் அரை நாளில் வேலை முடிந்திருக்கும். ஆனால் அண்ணன் நிற்பது இன்ஜினிலிருந்து நான்கு அடி முன்னால், நீட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டு. கம்பெனிக் கயிறு அதே அளவுதான் இருக்கும். இடுப்பில் மாட்டினால் விறைத்து நிற்கும், அசைந்தாலே இன்ஜின் நிற்கும். பத்து நாளில் கயிற்றை மறுபடி அறுத்துவிடுவார்கள். அதனால் இன்ஜினில் ஒன்று, அவர் நிற்கும் இடத்தில் குறுக்குப் பலகைக்குக் கீழே இன்னொன்று என்று முடிவு செய்தோம்.

இரண்டையும் பக்கவாட்டு இணைப்பாகத்தான் கொடுக்க வேண்டும், அதாவது இரண்டு சுவிட்சும் வெள்ளைக் கம்பிக்கும் எர்த்துக்குப் போகும் கறுப்புக் கம்பிக்கும் நடுவே தனித்தனியாக உட்காரும். எது சேர்ந்தாலும் இன்ஜின் நிற்கும். தொடராகக் கொடுத்தால் இரண்டு கிளிப்பையும் உருவினால்தான் நிற்கும், போட்டதே வீண்.

கம்பி, வெள்ளீயம் பூசிய செம்பு, 1.5 சதுர மில்லிமீட்டர், இரட்டைக் கோர். பாரிமுனைப் பக்கம் கப்பல் சாமான் கடையில் கிடைத்தது. வீட்டு வயரிங் கம்பி விலை குறைவுதான். ஆனால் நம் கடற்கரை உப்புக் காற்றில் ஒரு வருஷத்துக்குள் உறைக்கு உள்ளேயே கறுத்துப்போகும். வெளியே பார்த்தால் புதிது மாதிரியே இருக்கும். முனைகளில் ஈயப் பற்று வைக்கவில்லை, லக் என்ற உலோக முனையைப் போட்டு இடுக்கியால் நசுக்கி இறுக்கினேன், இதைத்தான் கிரிம்ப் என்போம். பற்று வைத்த இடத்தில் கம்பி விறைத்துவிடும். இன்ஜின் அதிர்வில் பற்று முடியும் இடத்தில்தான் ஒடியும். கிரிம்ப்பின் மேல், உள்ளே பசை இருக்கும் சுருங்கு ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினால், பசை உருகி ஓரத்தில் வழிந்து தண்ணீர் ஏறாமல் அடைத்துவிடும். சாதாரண ஸ்லீவ் அதைச் செய்யாது. ஒரு முழத்துக்கு ஒரு கிளாம்ப். சுவிட்சுக்குள் நுழையும் முன் கம்பியைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினேன். கம்பி வழியாக வரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், சுவிட்சுக்குள் ஏறாது.

இன்னொன்றும் செய்தேன், இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். இரண்டாவது சுவிட்சுக்குப் போகும் கம்பியில், கைக்கு எட்டும் இடத்தில், தண்ணீர் புகாத ஒரு செருகியை வைத்தேன். அந்தச் சுவிட்சில் என்றைக்காவது தண்ணீர் புகுந்து நடுக்கடலில் இன்ஜின் நின்றால், செருகியைப் பிரித்தால் போதும். இன்ஜினிலிருக்கும் சுவிட்ச் அப்படியே வேலை செய்யும். கடலில் தவிக்கும் ஆளுக்குக் கத்தியைத் தவிர வேறு வழி இல்லையென்றால் அவர் கத்தியைத்தான் எடுப்பார். முந்தைய மெக்கானிக் கம்பியை வெட்டியதும் அதனால்தான்.

முதல் சோதனையில் நிற்கவில்லை

எல்லாம் மாட்டித் தொட்டியில் ஓட்டிப் பார்த்தோம். இன்ஜின் சுவிட்சில் கிளிப்பை உருவினால் உடனே நின்றது. பலகைச் சுவிட்சில் உருவினால் நிற்கவில்லை. சுவிட்சின் முனைகளில் மீட்டர் பூஜ்யம் காட்டியது, வெள்ளைக் கம்பியும் சரியாக இருந்தது. கறுப்புக் கம்பியைத் தொடர்ந்து போனால், என்னிடம் வேலை பழகும் பையன் அதைப் பின்பலகையில் இன்ஜினை இறுக்கும் பிராக்கெட்டின் போல்ட்டில் முடுக்கியிருந்தான். அது இன்ஜின் பிளாக் வரை வருகிறதா என்று நானும் பார்க்கவில்லை, தவறு என்னுடையதும்தான்.

வண்டி வேலை செய்த கைக்கு இது இயல்பாக வரும். காரில் எந்த இரும்பைத் தொட்டாலும் எர்த். ஃபைபர் படகில் படகு எர்த் இல்லை, கடலும் எர்த் இல்லை. பிராக்கெட்கூட உலோகம்தானே என்று தோன்றும். ஆனால் அதற்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே ரப்பர் மவுண்ட், கிரீஸ், பெயின்ட் எல்லாம் இருக்கிறது. மீட்டரில் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. கறுப்புக் கம்பியை இன்ஜின் பிளாக்கில் கம்பெனி வைத்திருக்கும் எர்த் போல்ட் வரைக்கும் கொண்டுபோய் முடுக்கினேன். அடுத்த முயற்சியில் கிளிப் வெளியே வந்த நொடியில் சத்தம் அடங்கியது.

கரையலை

இன்ஜினைப் படகில் மாட்டிய அன்று கரையில் ஒரு கூட்டமே கூடியது. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: கரையலையைத் தாண்டும்போது கயிறு எங்கேயாவது மாட்டி இன்ஜின் நின்றுவிட்டால்? நம் கரையில் துறைமுகத்து அமைதி இல்லை. மணலிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று அலையை நேராக ஏறித்தான் வெளியே போக வேண்டும். நடுவில் இன்ஜின் நின்றால் படகு குறுக்கே திரும்பும், அடுத்த அலை கவிழ்த்துவிடும். இது சாக்குப்போக்கு இல்லை, நியாயமான பயம்.

நான் சொன்னது இது. ஆள் தூக்கி எறியப்படுவதும் அதிகமாக அந்த அலையில்தான். அங்கே கயிறு இல்லாமல் போனால் கயிறு இருப்பதற்கே அர்த்தமில்லை. கயிற்றைத் தொங்கவிடாமல், சுருள் கயிறாக வாங்கி, லைஃப் ஜாக்கெட்டில் அல்லது முழங்காலுக்குக் கீழே மாட்ட வேண்டும். அலை தாண்டும் வரை கூட இருப்பவர் பின்பக்கம் வரக் கூடாது. தவறி நின்றுவிட்டாலும் சூடான இன்ஜின், கிளிப்பைச் செருகி, நியூட்ரலுக்கு மாற்றி, ஸ்டார்ட்டர் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு பெரியவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அண்ணன் மட்டும் ஒன்றும் பேசாமல் முழங்காலுக்குக் கீழே கயிற்றை மாட்டிக்கொண்டார்.

அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகுகளில், 115 பவுண்டு அல்லது அதற்கு மேல் உந்து விசையுள்ள இன்ஜின் இருந்தால், வேகமாக ஓடும்போது ஓட்டுபவர் இந்தக் கயிற்றையோ அதற்கு இணையானதையோ மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் சட்டமே இருக்கிறது. 115 பவுண்டு என்பது ஏறக்குறைய மூன்று எச்.பி. இன்ஜின்தான். நம் 9.9 எச்.பி. அதைத் தாண்டி எங்கோ இருக்கிறது.

கடலில் சோதித்தோம். பாதி த்ரோட்டிலில், கியரில், அண்ணன் கிளிப்பை இழுத்தார். நின்றது. மூன்று தடவை இழுத்தார், மூன்று தடவையும் நின்றது.

அப்புறம் மூன்று வாரம் கழித்து ஒரு மழை நாளில் போன். "தம்பி, ரெண்டு தடவ தானா நின்னுச்சு. செருகிய கழட்டுனேன், ஓடுச்சு. கம்பிய வெட்டல." அந்தக் கடைசி வார்த்தை எனக்கு எவ்வளவு நிம்மதி என்று அவருக்குத் தெரிந்திருக்காது. போய்ப் பார்த்தேன். பலகைச் சுவிட்சை வாய் மேலே பார்த்தபடி வைத்திருந்தோம். கிளிப் இருக்கும் குழியில் மழைத்தண்ணீர் தேங்கி உள்ளே கசிந்திருக்கிறது. வேறு சுவிட்ச் போட்டு, பக்கவாட்டில் திருப்பி, சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டினேன். இணைப்புகளுக்குள் சிலிகான் கிரீஸும் வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போய்விட்டது, புகார் இல்லை.

அவரிடம் கேட்டு வாங்கிய ஒரே பழக்கம்: கரைக்கு வந்ததும் இன்ஜினைப் பொத்தானால் நிறுத்தக் கூடாது, சோக்கும் வேண்டாம். கிளிப்பை உருவித்தான் நிறுத்த வேண்டும். ஒருநாள் பலகைச் சுவிட்ச், மறுநாள் இன்ஜின் சுவிட்ச். அறுந்த ஸ்டாப் கம்பியைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல மீட்டர் கிடையாது, காசும் ஆகாது. நிற்காத அன்றைக்கே, கால் மணலில் இருக்கும்போதே தெரிந்துவிடும். கிளிப் வெயிலில் வெளுத்து விரிசல் விடும், அதையும் வருஷம் ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் தன் லாங் டெயில் (நீளத் தண்டின் முனையில் புரொப்பெல்லர் உள்ள) டீசல் இன்ஜினுக்கும் இதே சுவிட்ச் கேட்டார். டீசலில் பொறி கிடையாது, எர்த் செய்ய ஒன்றும் இல்லை. எண்ணெயை அடைத்தால்தான் நிற்கும். அவருடைய இன்ஜினின் ஸ்டாப் லீவரில் ஸ்பிரிங் போட்டு, கயிறு உருவினால் லீவர் தானே சாயும்படி ஓர் ஊக்கு செய்துகொண்டிருக்கிறேன். இன்னும் எனக்குத் திருப்தி வரவில்லை. முடிந்ததும் தனியாக எழுதுகிறேன்.

ஒன்று விட்டுப்போனது. ஓட்டுகிறவர் விழுந்தால் கிளிப்பும் அவரோடு தண்ணீருக்குள் போய்விடும். இன்ஜின் நின்றுவிட்டது, சரி. காற்றில் ஒதுங்கிப் போகும் படகை, கிளிப் இல்லாமல் மச்சான் எப்படிக் கிளப்பி அவரை எடுக்கப் போவார்? அதற்காக உபரிக் கிளிப் ஒன்றை மூடி போட்ட டப்பாவில் அணியத்தில் கட்டி வைத்தோம். வைத்தால் மட்டும் போதாது என்று, அமைதியான ஒரு காலையில் பழகிப் பார்த்தோம். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, இன்ஜின் நியூட்ரலில் இருக்கும்போது அண்ணன் குதித்தார். இன்ஜின் நின்றது. மச்சான் டப்பாவைத் தேடி, மூடியைத் திருகி, பின்பக்கம் வந்து, கிளிப்பைத் தலைகீழாகச் செருகப் பார்த்து, மறுபடி திருப்பி, ஸ்டார்ட்டரை இழுப்பதற்குள் ஒன்றரை நிமிடம் போய்விட்டது. அண்ணன் தண்ணீரில் இருந்தபடியே சிரித்துக்கொண்டு, "மச்சான், இன்னொரு தபா" என்றார். நான்காவது முறை இருபத்தைந்து வினாடியில் இன்ஜின் கிளம்பியது.